சித்தி ஊற்றிய தண்ணீர்

சுண்ணாம்புக் கல் கொதிக்கிற சத்தத்தை என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். தண்ணீர் ஊற்றியவரே ஏமாந்த முகத்தோடு நிற்பார். பிறகு கல்லுக்குள்ளிருந்து 'சுர்' என்று ஒரு முனகல் வரும். ஒரு கல் பிளக்கும், பக்கத்துக் கல் பிளக்கும், அப்புறம் டிரம் முழுவதும் சோற்றுப்பானை மாதிரித் தளதளவென்று பொங்கும். அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது. ஆவி மட்டும் ஆளுயரத்துக்கு எழும்பும். இப்போது பெயின்ட் டப்பாவைத் திறந்து ரோலரால் இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று நான் கடைசியாகக் கேட்டபோது எனக்கு ஏழு வயது.

ஓசூரில் அப்போது கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர். விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த அம்மாவுக்கு ஓசூர்க் குளிரும் தூறலும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆவணி பிறந்தால் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் வாசல் தெளிப்பாள். நாங்கள் இருந்தது ஒரு லைன் வீட்டில். வரிசையாகச் சின்னச் சின்ன போர்ஷன்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம், அதன் மூலையில் சிமென்ட் தொட்டியும் துவைக்கிற கல்லும். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது.

அந்த வருஷம்தான் சித்தி எங்களோடு வந்து தங்கினாள். அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, அறிவியலில் மட்டும் தோற்றுப்போயிருந்தாள். படித்தது போதும், தீப்பெட்டி ஒட்டப் போகட்டும் என்று ஊரில் தாத்தா சொல்லிவிட்டார். அம்மாதான் அவரோடு சண்டை போட்டு அழைத்துவந்தாள். ஓசூரில் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மறுபரீட்சை உண்டு. ஒரே ஒரு தடவை எழுதட்டும், தோற்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது தாத்தாவின் நிபந்தனை.

சித்தி சத்தம் போட்டுத்தான் படிப்பாள். மனசுக்குள் படித்தால் மனசுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, பரீட்சைத் தாளுக்கு வரமாட்டேன் என்கிறது என்பாள். வேதிவினைகளின் வகைகள் என்கிற பாடத்தில்தான் போன தடவை அவளுக்கு எல்லாம் குழம்பிப் போயிருந்தது. அதனால் காலையில் அரிசி களைந்துகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு சேர்ந்து ஒன்றானால் சேர்க்கை வினை. ஒன்று உடைந்து இரண்டானால் சிதைவு வினை. ஒருத்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொருத்தர் வந்து அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தால் இடப்பெயர்ச்சி வினை. இரண்டு ஜோடியும் ஆளை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடே ஒழுங்காக வராத காலத்தில் இவை நான்கும் தலைகீழாக வரும்.

ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு துண்டு மயில்துத்தம் வாங்கி வந்தாள். திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்க அவர் மூட்டையாக வைத்திருப்பார். அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்தோம். அந்த நீலத்தை எதற்கு ஒப்பிடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அதில் அப்பாவின் டூல் பையிலிருந்து எடுத்த ஓர் இரும்பு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் ஆணி செம்புக் குடத்தின் நிறத்தில் இருந்தது. தண்ணீரின் நீலம் வெளிறிப் பச்சையோடியிருந்தது. இரும்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தாமிரத்தை வெளியே தள்ளிவிட்டது என்று சித்தி சொன்னாள். நான் அந்த ஆணியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பாட்டிலைப் பார்த்த அப்பாவுக்குக் கோபம். பிள்ளை இருக்கிற வீட்டில் பூச்சி மருந்தா என்றார். பாட்டில் அன்றைக்கே சாக்கடைக்குப் போனது. இவள் படிக்க வந்தாளா, விளையாட வந்தாளா என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த வீட்டில் தாழ்ந்த குரல் என்றால் நான்கு போர்ஷனுக்குக் கேட்கும்.

ஆயுத பூஜைக்கு முன்னால் லைன் வீடு முழுவதுக்கும் வெள்ளையடிக்க வீட்டுக்காரர் ஏற்பாடு செய்தார். சூளையிலிருந்து ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்புக் கல் வந்து இறங்கியது. முற்றத்தின் நடுவே பாதி அறுத்த தார் டிரம் ஒன்றை வைத்தார்கள். அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி சித்தியிடம் சொல்லிவிட்டு.

சித்தி புத்தகத்தில் விரலை வைத்தபடி வாசலுக்கு வந்தாள். "வாட்டி, நம்ம சேர்க்கை வினைய நேர்லயே பாத்துட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டிரம்முக்குக் கிட்டே போகவிடவில்லை. துணி காயப்போடுகிற கம்பிக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தாள். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் நீற்றிய சுண்ணாம்பு, கூடவே வெப்பம் வெளிப்படும் என்று புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு ஆவி அடங்கும் வரை பொறுமை இல்லை. கொதித்துக்கொண்டிருந்த குழம்புக்குள் இன்னொரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார்.

எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை. அவ்வளவுதான். வலிகூட ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. வலது கண்ணுக்குள் யாரோ நெருப்புக் கங்கு ஒன்றை வைத்து அழுத்தியது போல இருந்தது. என் அலறல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி நான் உணர்ந்தது, பாதி பிறகு பலரும் சொல்லிக் கேட்டது. சித்தி புத்தகத்தைப் போட்டுவிட்டு என்னை இடுப்போடு அள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். துவைக்கிற கல்லின் மேல் மல்லாக்கக் கிடத்தி, முழங்காலால் என் நெஞ்சை அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் இமையைப் பிரித்துப் பிடித்து, மறுகையால் சொம்பு சொம்பாகக் கண்ணுக்குள் தண்ணீர் ஊற்றினாள். ஓசூர் தொட்டித் தண்ணீர், ஐஸ் மாதிரி. மூக்கிலும் வாயிலும் ஏறி எனக்கு மூச்சு முட்டியது. நான் அவள் கையைக் கடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, தண்ணி பட்டாத்தானே அது கொதிக்குது, கண்ல ஊத்தறயே, கண்ணு வெந்துரும்மா" என்று கத்தினார். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் தண்ணீர் பட்டுக் கல் கொதித்ததை அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். கடைசி போர்ஷனில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தாய்ப்பால் விட்டால் குளிரும் என்றாள். இரண்டு பேர் சித்தியின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் யாரையோ முழங்கையால் இடித்துத் தள்ளியதாகச் சொல்வார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மா மண்ணெண்ணெய்க் கேனோடு உள்ளே வந்தாள். அவள் பார்த்தது, தன் தங்கை தன் மகளைக் கல்லில் அமுக்கி வைத்துத் தண்ணீரில் மூச்சடைக்க வைப்பதை. கேனை அப்படியே போட்டுவிட்டு வந்து சித்தியின் கன்னத்தில் அறைந்தாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யக்கா, அப்புறம் எவ்வளவு வேணாலும் அடி. இப்ப ஒரு வாளி எடுத்துக் கொண்டா."

அம்மா வாளியைக் கொண்டுவந்தாளா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை சித்தி விடவில்லை.

பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரே தெரிந்தவருடைய காரில் எங்களை அழைத்துப்போனார். டாக்டர் கன்னடக்காரர். இமையைத் திருப்பி, பஞ்சால் உள்ளே ஒட்டியிருந்த துகள்களை எடுத்து, மருந்து வைத்து, கண் அசையக் கூடாது என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. டாக்டர் கேட்டதையெல்லாம் வீட்டுக்காரர்தான் தமிழில் சொன்னார். கட்டுக் கட்டி முடித்த பிறகு டாக்டர் எதையோ வேகமாகக் கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். என்ன கேட்டார் என்று அம்மா விசாரித்தாள். யார் தண்ணீர் ஊற்றினது, எவ்வளவு நேரம் ஊற்றினது என்று கேட்கிறார் என்று வீட்டுக்காரர் இறங்கிய குரலில் சொன்னார். கோபமாகவா என்று அம்மா கேட்டாள். தலையை ஆட்டினாரேம்மா என்றார் அவர்.

அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு அடுத்த பல நாட்கள் எங்கள் வீடு நடந்தது. வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்று நான் இப்போது நினைக்கவில்லை. கல்லைப் போட்டது அவர் கை. அந்தக் கை செய்ததைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று அவர் மனசு ஆசைப்பட்டிருக்கும். கேட்ட கேள்வியில் அதுவே அவர் காதில் விழுந்திருக்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த அந்த நாட்களில் வீட்டைக் காதால்தான் பார்த்தேன். ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கிற சத்தம். ஷிப்ட் சங்கு. சுவரில் சுண்ணாம்பு மட்டை சளக் சளக்கென்று விழுகிற சத்தம். அதைக் கேட்டதும் உடம்பு சுருங்கும். சித்தியின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவள் இருந்தாள். எனக்குச் சோறு ஊட்டியது அவள்தான். கையில் என் பல் பட்ட காயத்தைத் தடவிப் பார்த்துத்தான் அவள் என்று உறுதி செய்துகொள்வேன். ஆனால் படிக்கவில்லை. அம்மா அவளோடு பேசவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அப்பா தாத்தாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மத்தியானம் நான் சித்தியிடம் அந்த நான்கு வினைகளையும் சொல்லும்படி கேட்டேன். அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள். நான் விடவில்லை. சேர்க்கை வினை என்று தொடங்கி, அதோடு நின்றுவிட்டாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினாள்.

"வெப்பம் வெளிப்படும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குட்டி. நாந்தான் அன்னைக்கு உனக்கு வாசிச்சும் காட்டுனேன். பெறவு நானே ஊத்திருக்கேன். அவுக சொல்றதுதான் நெசமோ என்னமோ."

அவ்வளவு பேர் திட்டியது அவளை அசைக்கவில்லை. அந்தப் புத்தகத்து வரிதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஏன் தண்ணீர் ஊற்றினாள் என்று பின்னாளில் நான் கேட்டபோது, தெரிந்து செய்யவில்லை, எரிகிறது என்று நீ கத்தினாய், எரிந்தால் தண்ணீர்தானே என்றாள். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கே துணிச்சல் இல்லை.

தாத்தா வந்து சேர்ந்தார். யாரையும் திட்டவில்லை. கட்டோடு இருந்த என் தலையைத் தடவிவிட்டு, இவளை நான் கூட்டிப் போய்விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். பரீட்சைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் பெங்களூர் போய்க் கட்டுப் பிரிக்கிற அதே நாளில் தாத்தாவும் சித்தியும் ஊருக்குப் போகச் சேலம் பஸ் ஏறுவதென்று முடிவாயிற்று. அன்று காலை நாங்கள் கிளம்பும்போது சித்தி தன் தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. வாசல் வரை வந்து என் கையைப் பிடித்து, விட்டுவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்காரர் வரவில்லை. அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். கம்பெனியில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே அப்பா கன்னடம் கற்றிருந்தார்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். முதலில் ஒரு மஞ்சள் மூட்டம். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சட்டைப் பை, பையில் ஒரு பேனா. எத்தனை விரல் என்று டாக்டர் கேட்டதை அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அப்பா, பதில் எதுவானாலும் கேட்டுவிடுவது என்கிற முகத்தோடு, அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியதால்தான் இவ்வளவு ஆயிற்றா என்று கேட்டார்.

டாக்டர் அப்பாவை ஒரு விநோதமான ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீரு ஹாக்கித்தக்கே கண்ணு உளிதிதே" என்றார். தண்ணீர் ஊற்றியதால்தான் கண் மிஞ்சியிருக்கிறது. அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரே விளக்கினார். ஒரு துளி தண்ணீர் பட்டால் சூடு ஏறும், தொட்டி தொட்டியாக ஊற்றினால் சூடும் நிற்காது, சுண்ணாம்பும் நிற்காது, எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். எண்ணெயை விட்டு மூடிக்கொண்டு வருகிறவர்களைத்தான் அவர் வழக்கமாகப் பார்க்கிறாராம். போன தடவையே கேட்டேனே, யார் அந்தப் புத்திசாலி என்று, அவரைக் கூட்டிவரவில்லையா என்றார்.

அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான். சேலம் பஸ் எத்தனை மணிக்கு.

அந்தப் பஸ் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்திப்பள்ளியில் வண்டி நின்றபோது அம்மா எழுந்து நின்றுகொண்டாள். நின்றால் வேகமாகப் போகும் என்பது போல. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பார்த்தார்கள். பஸ்கள், கூடைகள், புகை. இரண்டு பேருக்கும் அகப்படவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு பஸ்ஸின் நிழலில், தகரப் பெட்டியின் மேல், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தா சித்தி" என்றேன்.

அப்பா என் எதிரே குந்தி உட்கார்ந்து என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். இப்போது தெரிகிறதா என்று கேட்டார். ஓரம் கொஞ்சம் கலங்கலாக, ஆனால் சித்திதான், பச்சைத் தாவணி. தெரிகிறது என்றேன். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

தாத்தா முன்னால் வைத்தே அப்பா சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட இன்னும் அனுமதி கிடைக்காதவள் போல ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அப்ப அந்தச் சூடு, அத்தான்?"

"அவ்வளவு தண்ணியில சூடு எங்கம்மா நிக்கும்? நீ கழுவி விட்டுட்ட."

சித்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா குனிந்து பெட்டியைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, சுவரைப் பார்க்காமல் தங்கையைத் திரும்பிப் பார்த்து, பரீட்சை என்றைக்கு என்று கேட்டாள். தாத்தா அன்று தனியாகத்தான் ஊருக்குப் போனார். போகும்போது சித்திக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்த ஒரே தின்பண்டம் அது. விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் ஒரு கூடை திராட்சையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டார்.

அந்தப் பரீட்சையில் சித்தி தேறினாள். கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயே பல வருஷம் வேலை பார்த்து, கூட வேலை பார்த்த பர்கூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். என் வலது கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சியது. வேறு தொந்தரவு இல்லை. இவையெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் எனக்கு அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் வருவது பரீட்சை முடிந்த மத்தியானம்.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தாள். வெயிலுக்காக என் கண்ணில் பச்சைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தோம். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சித்தி கடைசியாக வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதியிருப்பதாகவும், ஆனால் சமன்பாடு ஒன்றில் மறுபடி குழப்பிவிட்டது போல இருக்கிறது என்றும், போன தடவையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னாள். 

அம்மா தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை மூடியில் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

"தோத்தா இன்னொருக்க எழுது. அதுலயும் தோத்தா அதுக்கடுத்தாப்புல எழுது. நீ எங்கயும் போக வேண்டாம். இப்பச் சாப்பிடு."

சித்தி நின்றபடியே, நடுத்தெருவில், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.